வட்டு எறிதல்: நின்ற சிலையும் சுழன்ற உடலும்

1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வட்டு எறிதலுக்கு இரண்டு தனித்தனிப் போட்டிகள் நடந்தன. ஒன்று ‘கட்டற்ற பாணி’, மற்றொன்று ‘கிரேக்கப் பாணி’. அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் காவலராக இருந்த மார்ட்டின் ஷெரிடன் இரண்டிலும் தங்கம் வென்றார். கட்டற்ற பாணியில் அவர் எறிந்தது 40.89 மீட்டர், கிரேக்கப் பாணியில் 37.99 மீட்டர். எறிந்தவர் ஒருவரே, களமும் ஒன்றே. ஆனாலும் தூரத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் வித்தியாசம் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோமில் கிரேக்கப் பாணி நிகழ்ச்சிநிரலில் இல்லை. அதன்பின் எந்த ஒலிம்பிக்கிலும் அது இடம்பெறவில்லை. நவீன ஒலிம்பிக்கின் வரலாற்றில் சிறு குறிப்பாகக் கடந்துபோகப்படும் இந்தச் செய்திக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. வட்டு எறிதலைப் பண்டைய கிரேக்கத்திலிருந்து நேரே வந்த மரபாகவே நாம் நினைக்கிறோம். அப்படியானால், பழைய முறையைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட போட்டி ஏன் அழிந்தது? பழமையைப் பற்றிக் கவலைப்படாத போட்டி ஏன் நிலைத்தது? இன்று நாம் காணும் வட்டு எறிதல் பண்டைய மரபின் தொடர்ச்சி அல்ல, 1896க்கும் 1912க்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் கட்டியெழுப்பப்பட்ட புதிய விளையாட்டு என்பதும், பழமையைத் தோற்றமாகப் போலச்செய்வதை விட்டு அதை அசைவாகப் புரிந்துகொண்ட பிறகே அது சர்வதேச விளையாட்டாக உயிர்பெற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில், பண்டைய காலத்திலிருந்து உண்மையில் நமக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க வேண்டும். பழைய ஒலிம்பியாவில் வட்டு எறிதல் தனிப் போட்டியாக இருக்கவில்லை. ஓட்டம், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், மல்யுத்தம் ஆகியவற்றோடு சேர்ந்த ஐந்திறப் போட்டியின் ஓர் அங்கமாகவே அது இருந்தது. அகழ்வுகளில் கிடைத்த வட்டுகள் எடையிலும் அளவிலும் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் எக்சோய்தாஸ் என்பவரின் வெண்கல வட்டு, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் எடை சுமார் 1.25 கிலோ. வேறு சில வட்டுகள் இதைப்போல் பல மடங்கு கனமானவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒலிம்பியாவைப் பார்த்து எழுதிய பௌசானியாஸ், போட்டிக்கு உரிய மூன்று வட்டுகள் அங்கே சிகியோன் நகரத்தாரின் கருவூலத்தில் வைக்கப்பட்டிருந்தன என்கிறார். எல்லோரும் அதே வட்டுகளை எறிந்தால் போட்டி நியாயமாகிவிடும். ஓர் ஆண்டின் தூரத்தை இன்னோர் ஆண்டின் தூரத்தோடு ஒப்பிட வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. ஆகவே அவர்கள் தூரங்களைப் பதிவுசெய்து வைக்கவும் இல்லை. பண்டைய போட்டிகள் நின்றுபோன பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கலையைக் கற்றுக்கொடுக்க எந்த ஆசானும் இருந்ததாகத் தெரியவில்லை. 1859இல் ஏதென்ஸில் நடந்த ஸப்பாஸ் போட்டிகளில் வட்டு எறிதல் மீண்டும் தலைகாட்டியது. 1870களில் ஜெர்மனியின் மக்டெபுர்க் நகரில் உடற்பயிற்சி ஆசிரியர் கிறிஸ்டியன் கியோர்க் கோல்ராவுஷ் தம் மாணவர்களோடு அதை மீட்டெடுக்க முயன்றார். இவர்கள் கையில் இருந்தவை குவளை ஓவியங்கள், சில பழைய நூல்வரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிலை.

அந்தச் சிலைதான் மிரோன் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் வடித்த டிஸ்கோபோலஸ், அதாவது வட்டு எறிபவன். மிரோனின் வெண்கல மூலம் அழிந்துவிட்டது. ரோமானியர்கள் செய்துவைத்த பளிங்குப் பிரதிகளே எஞ்சின. அவற்றில் ஒன்று 1781இல் ரோம் நகரின் எஸ்குலைன் குன்றில் கிடைத்தது. அதற்கடுத்த பத்தாண்டில் திவோலியில் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகை இருந்த இடத்தில் இன்னொன்று கிடைத்தது. இரண்டாவது பிரதியைச் சீரமைத்தவர்கள் தலையைத் தவறான கோணத்தில் பொருத்திவிட்டார்கள். எஸ்குலைன் பிரதியில் முகம் பின்னால் உயர்ந்த வட்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. திவோலிப் பிரதியிலோ அது தரையைப் பார்க்கிறது. எறியும் உடலில் தலை எங்கே திரும்புகிறதோ அங்கேதான் தோளும் இடுப்பும் திரும்பும். ஆகவே இது அழகியல் சார்ந்த சிறு பிழை மட்டுமல்ல. சிலையை வைத்து எறியும் முறையைக் கற்க முனைந்தவருக்கு இரண்டு பிரதிகளும் இரண்டு வேறு பாடங்களைச் சொல்லும். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. சிலை ஒரு கணத்தை மட்டுமே காட்டும். அந்தக் கணத்துக்கு முன்னால் உடல் எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகும் என்பதைப் பார்ப்பவரே ஊகிக்க வேண்டும். நவீன வட்டு எறிதலின் தொடக்க வரலாறு முழுவதும் இந்த ஊகத்தின் வரலாறுதான்.

1896 ஏப்ரல் 6 அன்று ஏதென்ஸின் பளிங்கு விளையாட்டரங்கில் முதல் நவீன ஒலிம்பிக்கின் வட்டு எறிதல் நடந்தது. கிரேக்கர்கள் இதைத் தங்கள் சொந்தப் போட்டியாகவே கருதினார்கள். பரஸ்கெவோபுலோஸ், வெர்சிஸ் ஆகிய இருவரும் சிலையின் நிலையை ஒத்த, பயின்ற அசைவுகளோடு எறிந்தார்கள். எதிரே நின்றவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் காரெட். அவர் பழைய வர்ணனைகளைக் கொண்டு ஊரில் ஒரு வட்டைச் செய்வித்தார் என்றும், தாங்க முடியாத கனமாக இருந்ததால் அதைக் கைவிட்டார் என்றும், ஏதென்ஸ் வந்த பிறகே போட்டி வட்டு இரண்டு கிலோதான் என்று கண்டு களமிறங்கினார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. காரெட்டின் தொடக்க எறிதல்களில் நளினம் இல்லை. ஆனால் கடைசியில் அவர் எறிந்த 29.15 மீட்டர், பரஸ்கெவோபுலோஸின் தூரத்தைவிட ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் அதிகம். இந்த வெற்றியை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக் கூடாது. சிலையை ஒத்த நிலையில் பயின்றவர்களை அந்த நிலையைப் பயிலாத ஒருவர் முதல் நாளிலேயே வெல்ல முடிந்தது என்றால், அந்த நிலையில் எறிதலின் நுட்பம் அடங்கியிருக்கவில்லை என்றே பொருள்.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் அந்த நுட்பம் வெளிப்பட்டது. 1900 ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகள் புவா த பூலோன் என்ற பூங்காக் காட்டில், எறிதலுக்கென்று ஒதுக்கிச் செப்பனிடாத புல்வெளியில் நடந்தன. வட்டு எறியும் பாதையின் இருபுறமும் மரங்கள் நின்றன. நடப்பு வெற்றியாளரான காரெட்டின் எறிதல்கள் மரங்களில் மோதி வீணாயின. ஹங்கேரியின் ருடால்ஃப் பாவர் 36.04 மீட்டர் எறிந்து வென்றார். பொஹீமியாவின் ஃபிரான்டிஷெக் யாண்டா-சுக் இரண்டாம் இடம் பெற்றார். இருவரும் உடல் முழுவதையும் சுழற்றி எறிந்தவர்கள் என்று விளையாட்டு வரலாறுகள் குறிக்கின்றன. யார் முதலில் சுழன்றார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. யாண்டா-சுக் இந்த முறையை மிரோனின் சிலையைக் கூர்ந்து பார்த்தே கண்டடைந்தார் என்ற செய்தி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இது என் வாதத்துக்கு எதிரான சான்றுபோலத் தோன்றலாம். சுழற்சியே சிலையிலிருந்து பிறந்தது என்றால் மரபு தொடர்ந்தது என்றுதானே சொல்ல வேண்டும்? ஆனால் இங்கே நடந்தது வேறு. ஏதென்ஸ் வீரர்கள் அந்தச் சிலையை ஒரு நிலையாகப் பார்த்தார்கள், அதில் வந்து நின்றார்கள். யாண்டா-சுக் அதை நடந்துகொண்டிருக்கும் ஓர் அசைவின் நடுவே உறைந்த கணமாகப் பார்த்தார். முறுகிய இடுப்பு எங்கிருந்து முறுகி வந்தது, எங்கே அவிழப்போகிறது என்று கேட்டார். ஒரே சிலையை இரண்டு விதமாக வாசித்தார்கள், அவற்றில் ஒன்றே தூரத்தைக் கூட்டியது.

சுழற்சி ஏன் அவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தந்தது என்பது இயற்பியலில் தெளிவானது. வட்டு கையை விட்டுப் போகும்போது அதற்கு இருக்கும் வேகமே தூரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நின்ற இடத்தில் கையை வீசினால் வட்டு வேகம் பெறும் பாதை குறுகியது. ஒன்றரைச் சுற்றுச் சுழன்று வந்தால் அந்தப் பாதை பல மடங்கு நீள்கிறது. காலின் உந்துதல் இடுப்புக்கும், இடுப்பின் திருகல் தோளுக்கும், தோளின் வீச்சு விரலுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. விரல்நுனியை விட்டு நழுவும்போது வட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது, அந்தச் சுழற்சிதான் அதைக் காற்றில் கவிழாமல் நிலைநிறுத்துகிறது. விளிம்பில் மெலிந்து நடுவில் தடித்த அந்த உருவம் காற்றைத் தாங்கி எழும். எறியும் குண்டு அறியாத ஒரு பயணம் இது என்று சொல்லும் அளவுக்கு வட்டு காற்றோடு உறவாடுகிறது: மிதமான எதிர்க்காற்று தூரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்யும். இத்தகைய பொருளுக்கு எடையும் விட்டமும் விளிம்பின் வடிவமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் இருவர் எறிந்த தூரங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இரண்டு கிலோ எடை, சுமார் 22 சென்டிமீட்டர் விட்டம் என்ற வரையறை வெறும் அலுவலக விதி அல்ல. இந்த விளையாட்டின் உள்ளடக்கமே அதுதான்.

இந்தப் பின்னணியில் கிரேக்கப் பாணியின் கதையைப் பார்க்கலாம். 1906இல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால ஒலிம்பிக்கில் அது தனிப் போட்டியாக அறிமுகமானது. வீரர் 80 சென்டிமீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பீடத்தின்மேல் நிற்க வேண்டும். பீடம் பின்பக்கம் 15 சென்டிமீட்டர் உயரம், முன்பக்கம் 5 சென்டிமீட்டர் உயரம், அதாவது முன்னோக்கிச் சரிந்திருக்கும். அதன்மேல் சிலையின் நிலையை ஒட்டிக் குனிந்து, சுழலாமல் எறிய வேண்டும். அப்படியொரு சரிவான பீடத்தில் பண்டையவர்கள் எறிந்ததற்கு ஆதாரம் என்ன? பண்டைய கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ராட்டஸ் ஓர் ஓவியத்தை வர்ணிக்கும் இடத்தில் வட்டு எறிபவன் நிற்கும் இடத்தைப் பற்றிச் சொல்லும், பொருள் தெளிவில்லாத சில வரிகளே அது. பண்டைய விளையாட்டுகளை ஆராய்ந்த நார்மன் கார்டினர் 1907இலேயே இந்த வாசிப்பு தவறானது என்று விரிவாக எழுதினார். பழமையின் பெயரால் உருவாக்கப்பட்ட பாணி பழமைக்கே உண்மையாக இருக்கவில்லை. களத்தில் கிடைத்த எண்களும் அதற்குத் துணைநிற்கவில்லை. 1906இல் கிரேக்கரான ஜார்ஜாண்டாஸ் கட்டற்ற பாணியில் 38.06 மீட்டர் எறிந்தார், கிரேக்கப் பாணியிலோ 32.80 மீட்டர்தான். ஐந்து மீட்டருக்கும் மேல் இழப்பு. அந்தப் பாணியில் தங்கம் வென்றவர் கிரேக்கர்கூட அல்ல. 35.17 மீட்டர் எறிந்த பின்லாந்தின் வெர்னர் யார்வினென் வென்றார். அடுத்த முறை லண்டனில் ஷெரிடன் வென்றார். தேசப் பெருமைக்காக உருவான போட்டி அந்தத் தேசத்துக்கும் உதவவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். தூரம் கூடியதற்குக் காரணம் சுழற்சியும் விதிகளும் அல்ல, அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தும் காவல்படைகளிலிருந்தும் வந்த மலைபோன்ற உடல்கள்தான் என்று ஒருவர் சொல்லலாம். உடல்வலிமை கூடியது உண்மையே. ஆனால் அதைத் தனியே பிரித்துப் பார்க்க வசதியாகப் பக்கத்திலேயே ஒரு போட்டி இருக்கிறது, அது குண்டு எறிதல். அதுவும் வலிமையை நம்பிய போட்டி, அதே ஆட்களில் பலர் இரண்டிலும் கலந்துகொண்டார்கள். 1900இல் குண்டு எறிதலின் வெற்றித் தூரம் 14.10 மீட்டர், 1912இல் 15.34 மீட்டர். உயர்வு ஏறக்குறைய 9 சதவீதம். அதே காலத்தில் வட்டு எறிதலின் வெற்றித் தூரம் 36.04 மீட்டரிலிருந்து 45.21 மீட்டருக்குப் போனது. உயர்வு 25 சதவீதத்துக்கும் மேல். வலிமை மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் உயர்ந்திருக்க வேண்டும். 1904 செயின்ட் லூயிஸ் போட்டி இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. குண்டு எறிதலில் 14.81 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற மாபெரும் உருவத்தினரான ரால்ஃப் ரோஸும் ஷெரிடனும் வட்டு எறிதலில் 39.28 மீட்டரில் சமமாக நின்றார்கள். மீண்டும் எறியச் சொன்னபோது ஷெரிடன் 38.97 மீட்டர் எறிந்தார், ரோஸால் 36.74 மீட்டரே முடிந்தது. வலிமையில் முந்தியவர் நுட்பத்தில் பிந்தினார். எறிவட்டம் பெரிதானதால் தூரம் கூடியது என்றும் வாதிடலாம். 1904இல் ஏழடி, அதாவது 2.13 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திலிருந்து எறிந்தார்கள், 1912இல் அது 2.50 மீட்டர். ஆனால் நின்ற இடத்திலிருந்து எறிபவனுக்கு அந்தக் கூடுதல் இடம் எதற்கும் பயன்படாது. சுழன்று வருபவனுக்கே அது தேவை. வட்டத்தை விரித்த விதி, சுழற்சியே இந்த விளையாட்டின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

இன்னொரு மறுப்பு ஆழமானது. பழமையின் மீதான காதல் இல்லாமல் இந்தப் போட்டியே தோன்றியிருக்காது என்பது அது. இதை முழுமையாக ஏற்கிறேன். ஓட்டமும் தாண்டுதலும் குண்டு எறிதலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. வட்டு எறிதலுக்கு அப்படி ஒரு நாட்டார் வேர் அங்கே இல்லை. கிரேக்கத்தின் பெயரைச் சொல்லாமல் அது ஒலிம்பிக்குக்குள் நுழைந்திருக்காது. ஆனால் ஒரு போட்டி பிறந்ததற்கான காரணமும் அது வாழ்ந்ததற்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழமை கதவைத் திறந்துவிட்டது, உள்ளே வந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பண்டையவர்களும் சுழன்றே எறிந்திருக்கலாம் என்று சிலர் குவளை ஓவியங்களைக் காட்டி வாதிடுகிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் என் வாதம் குலையாது. பாவரும் யாண்டா-சுக்கும் அதை யாரிடமிருந்தும் பெறவில்லை. தாங்களே எறிந்து பார்த்து மீண்டும் கண்டுபிடித்தார்கள். கைமாறி வருவதே மரபு, இரண்டாம் முறை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதே அந்தச் சங்கிலி அறுந்திருந்ததற்குச் சான்று.

மூன்றாவது மறுப்பு அளவீட்டைப் பற்றியது. எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்குள் அடைத்ததால் விளையாட்டின் அழகும் வகைமையும் போய்விட்டன என்பார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் இதற்கு விடை தருகிறது. அங்கே இருகைப் போட்டி ஒன்றும் நடந்தது. வலக்கையால் எறிந்த சிறந்த தூரத்தையும் இடக்கையால் எறிந்ததையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள். உடலின் இரு பக்கமும் சமமாக வளர வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அதன் பின்னே இருந்தது. பின்லாந்தின் அர்மாஸ் தைபாலே ஒருகைப் போட்டியில் 45.21 மீட்டரும், இருகைப் போட்டியில் மொத்தம் 82.86 மீட்டரும் எறிந்து இரண்டிலும் தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கில் இருகைப் போட்டி இல்லை. கிரேக்கப் பாணி, இருகை எறிதல் இரண்டையும் அளவுநாடா அழிக்கவில்லை, அவையும் அதே நாடாவால்தான் அளக்கப்பட்டன. வட்டை எவ்வளவு தூரம் அனுப்ப முடியும் என்ற எளிய கேள்விக்கு வெளியிலிருந்து வேறொரு கொள்கையைச் சுமத்தியதாலேயே அவை தளர்ந்தன. ஒன்று வரலாற்றை நடித்துக் காட்டச் சொன்னது, மற்றொன்று உடற்கல்விக் கொள்கையை நிரூபிக்கச் சொன்னது. எறிபவருக்கோ எறிவதிலேயே கற்க வேண்டியது ஏராளமாக இருந்தது. அதே 1912இல் ஸ்டாக்ஹோமில் சர்வதேச தடகளக் கூட்டமைப்புக்கு அடித்தளம் இடப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் நியூயார்க்கில் ஜேம்ஸ் டங்கன் எறிந்த 47.58 மீட்டர், அந்த அமைப்பு ஏற்ற முதல் உலகச் சாதனையானது. அதை அடுத்தவர் மிஞ்ச 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது தாமஸ் லீப் எறிந்தது 47.61 மீட்டர், மூன்றே சென்டிமீட்டர் அதிகம். இடையில் உலகப்போர் வந்தது என்பதைக் கணக்கில் கொண்டாலும், 1896 முதல் 1912 வரை வெற்றித் தூரம் பதினாறு மீட்டர் உயர்ந்த வேகத்தோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். முதல் பதினாறு ஆண்டுகளில் ஒரு விளையாட்டு தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. 1912இல் அந்தக் கண்டுபிடிப்பு நிறைவுற்றது.

இந்த வரலாற்றை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம், இதன் விளைவு தூரங்களோடு நிற்கவில்லை என்பதே. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான தடகளம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது வட்டு எறிதலும் அதில் இருந்தது. போலந்தின் ஹலினா கொனொபாட்ஸ்கா ஒரு கிலோ வட்டை 39.62 மீட்டர் எறிந்து உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். பண்டைய ஒலிம்பிக் போட்டிகளில் பெண்கள் களமிறங்க அனுமதி இல்லை. பழமையை அப்படியே காப்பதே இந்த விளையாட்டின் நோக்கமாக இருந்திருந்தால் கொனொபாட்ஸ்காவுக்கு அதில் இடம் இருந்திருக்காது. சிலை ஒரே ஓர் உடலைத்தான் இலட்சியமாகக் காட்டும். அந்த உடலை ஒத்தவரையே அது ஏற்கும். எடை, வட்டம், அளவு என்ற விதிகளோ எறிபவர் யார், எந்த நாட்டார், எந்தத் தோற்றத்தார் என்று கேட்பதில்லை. ஒரு மரபை மதிப்பதென்றால் அதன் தோற்றத்தை அப்படியே திரும்ப நிறுத்துவதுதான் என்று நினைப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். வட்டு எறிதலின் தொடக்கக் காலம் அவர்களுக்குத் தெளிவான பதிலைத் தருகிறது. அந்தத் தோற்றத்துக்குள் இருந்த அசைவைத் தேடி, தம் உடலால் சோதித்து, கிடைத்ததை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கியவர்களே அந்தப் பழைய விளையாட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள்.